சைட் ஓடுது... ஆர்டர் விழுதா?

அந்தக் காலத்தில் தூத்துக்குடியில் முத்துக்குளிப்பை அறிவிக்கும் முன், கடலடிப் பாரில் சிப்பிகளை மாதிரிக்கு எடுத்து, கிடைத்த முத்தை மதிப்பிடுவார்கள். சிப்பி இருந்தால் போதுமா? முத்து தேற வேண்டுமே!

ஆன்லைனில் தூத்துக்குடி மக்ரூன் விற்பவருக்கும் இதே கணக்குதான். சர்வர் ஜோராக ஓடும். பேமென்ட் பக்கத்தில் ஆர்டர் நின்றுபோயிருக்கும். இதைப் பிடிக்க உதவுவது, 2012-ல் சவுண்ட்கிளவுட் நிறுவனத்தில் பிறந்த இலவச மென்பொருள் 'புரோமிதியஸ்'. அதன் கிளையன்ட் லைப்ரரியை வைத்து டெவலப்பர் சில வரிகள் சேர்த்தால் போதும்.

* ஏறிக்கொண்டே போகும் ஆர்டர் எண்ணிக்கைக்கு 'கவுன்ட்டர்'.
* ஏறி இறங்கும் ஸ்டாக்குக்கு 'கேஜ்'.
* பேமென்ட்டுக்கு ஆகும் நேரத்துக்கு 'ஹிஸ்டோகிராம்'.

தோற்றுப்போன பேமென்ட்டையும் தனியாக எண்ணச் சொல்லுங்கள். வாடிக்கையாளரின் போன் நம்பரை மட்டும் லேபிளாக வைக்காதீர்கள். ஆளுக்கொரு கணக்கு முளைத்து சர்வர் திணறும்.

விற்பனை நேரத்தில் கவுன்ட்டர் அசையவில்லையா? உடனே அலர்ட் வரட்டும். நஷ்டம் சில நிமிடங்களோடு போகும்!