வீட்டின் விலையைக் கேட்கும் முன் நிலத்தின் வரலாற்றைக் கேட்போம்

சென்னையின் தென்புறநகரில் வீடு தேடும் நம் குடும்பங்களை இன்று ஒரு கேள்வி வாட்டுகிறது. "பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கம் வாங்கலாமா, கூடாதா?"

2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு ஓர் உத்தரவு பிறப்பித்தது. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ராம்சார் எல்லைக்குள்ளும், அதைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் வரையிலும், ஆய்வு முடியும் வரை புதிய கட்டுமானங்களுக்கு அனுமதி தரக் கூடாது என்பதே அது. முன்பணம் கொடுத்தவர்களும், மனை வாங்கி வரைபட அனுமதிக்குக் காத்திருந்தவர்களும் கலங்கிப் போனார்கள்.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல. ஊர் மக்கள் கழுவெளி என்று அழைத்த இந்தச் சதுப்பு நிலம், ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரந்திருந்ததாகச் சொல்லப்படுகிறது. தென்சென்னையின் 31 ஏரிகளின் உபரி நீர் இங்கு வந்து சேர்ந்து, ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய்க் கடலில் கலந்தது. ஆனால் அரசின் கணக்கில் அது பயனற்ற தரிசாகவே இருந்தது. ஒரு பக்கம் குப்பை கொட்டினோம். மறு பக்கம் சாலைகளும் கட்டடங்களும் எழுந்தன.

2000-ல் தரமணியில் டைடல் பூங்கா வந்தது. பழைய மாமல்லபுரம் சாலை கணினி நிறுவனங்களின் சாலையானது. 2007-ல் வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் வந்தது. வேலைக்கு அருகில் வீடு என்று மக்கள் தேட, மனை விலை ஏறிக்கொண்டே போனது. நீர் நின்ற இடங்களும் நல்ல மனைகளாக விற்றன.

2015 டிசம்பர் வெள்ளமும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் அதற்கான விலையைக் கேட்டன. வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் தரைத்தளத்தில் இருந்தவர்கள் மாடிக்கு ஓடியதை நாம் மறக்கவில்லை. 2022-ல்தான் 1,247 ஹெக்டேர் பரப்புக்கு ராம்சார் தகுதி கிடைத்தது.

நம் சமுதாயத்திற்கு இதில் தனியான கவலை ஒன்று உண்டு. வங்கிக் கடனில் வீடு வாங்குபவருக்கு, வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம் முதல் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவார். வட்டியைத் தவிர்க்க நினைக்கும் நம்மில் பலர், வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தையும் வீட்டுப் பெண்களின் நகையையும் வைத்து ரொக்கமாக வாங்குகிறோம். அந்தப் பரிசோதனை நமக்கு இல்லாமல் போகிறது. "நம்ம ஆளுதான், நம்பி வாங்குங்க பாய்" என்ற ஒரு வார்த்தையில் முடிவெடுத்துவிடுகிறோம். வட்டியைத் தவிர்த்தது சரி. விசாரிப்பைத் தவிர்த்ததுதான் தவறு.

வில்லங்கச் சான்று மட்டும் போதாது. பதிவான பரிவர்த்தனைகளைத்தான் அது காட்டும். அந்த நிலம் ஏரியா, வாய்க்காலா, மேய்க்காலா என்பதை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் புல வரைபடத்திலும்தான் பார்க்க வேண்டும். பட்டா இருப்பதாலேயே கட்ட அனுமதி கிடைத்துவிடாது. சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அதை அலுவலகத்தில் சரிபார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு, எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடி என்றால் ரெரா பதிவும் இருக்க வேண்டும். அங்கீகாரமில்லாத மனைப்பிரிவுகளில் வாங்கிவிட்டு 2016-க்குப் பின் பத்திரப்பதிவுக்கு அலைந்தவர்களின் கதை நம் தெருக்களிலேயே இருக்கிறது.

இன்னொன்று, காசு செலவில்லாதது. மழைக்காலத்தில் ஒருமுறை அங்கே போய்ப் பாருங்கள். பக்கத்துத் தேநீர்க் கடையில் உட்கார்ந்து, "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று ஊரின் பெரியவர்களைக் கேளுங்கள். தரகர் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் பத்திரம் படிக்கத் தெரிந்த ஒரு வழக்கறிஞரோ, ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியரோ இருப்பார். மாதம் ஒரு நாள் ஜும்ஆவுக்குப் பின் அவர்கள் உட்கார்ந்து மக்களின் ஆவணங்களைப் பார்த்துச் சொன்னால், எத்தனையோ குடும்பங்களின் வாழ்நாள் சேமிப்பு காப்பாற்றப்படும். ஜமாஅத் நிர்வாகிகள் இதை யோசிக்க வேண்டும்.

வீடு என்பது பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது. வழக்கையும் வெள்ளத்தையும் சேர்த்து விட்டுச் செல்ல வேண்டாம்.