மென்பொருளின் பெயரைச் சொல்வது கற்றலாகாது

காட்சித் தொடர்பியல், இதழியல் துறைகள் பலவற்றில் ஒரு பயிற்சி உண்டு. ஒரு திரைப்படத்தின் முதல் இரண்டு நிமிடங்களை மட்டும் மாணவர்கள் எடுத்துத் தொகுத்துத் தர வேண்டும். கூடவே, ‘கற்றுக்கொண்ட தொழில்நுட்பம்’ குறித்து ஓர் அறிக்கையும் தர வேண்டும். நான் வாசிக்க நேர்ந்த அறிக்கைகளில் பெரும்பாலானவை பெயர்ப்பட்டியல்களே. பிரீமியர் புரோ கற்றேன், டாவின்சி ரிசால்வ் கற்றேன், டிரைபாட் பயன்படுத்தக் கற்றேன். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. இது மாணவர்களின் குற்றமன்று. பட்டியலைக் கேட்டால் பட்டியல்தான் வரும்.

சிக்கலின் வேர் வேறிடத்தில் இருக்கிறது. கோட்பாடு அறிவு, கருவி வெறும் ‘திறன்’ என்று நம் கல்விப்புலம் பிரித்து வைத்திருக்கிறது. கோட்பாட்டைப் பேராசிரியர் வகுப்பில் கற்பிப்பார். கேமராவையும் படத்தொகுப்பையும் மாணவர் யூடியூபில் பார்த்துக்கொள்ள வேண்டும். கருத்தால் செய்வது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்னும் படிநிலை இந்நாட்டில் எங்கிருந்து வந்தது என்பதைச் சமூக அறிவியல் படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

திரைப்படக் கோட்பாட்டின் வரலாறே இப்பிரிவினையை ஏற்காது. புரட்சிக்குப் பிந்தைய ரஷ்யாவில் படச்சுருளுக்குக் கடும் பஞ்சம். குலெஷோவின் பட்டறை மாணவர்கள் சுருளே இல்லாமல் ‘படங்களை’ நடித்துப் பயின்றார்கள். ஒரே நடிகரின் முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்துடனும் மறுமுறை சவப்பெட்டியுடனும் ஒட்டிக் காட்டி, பொருள் ஷாட்டுக்குள் மட்டும் இல்லை, இரு ஷாட்டுகளின் அண்மையிலும் பிறக்கிறது என்று நிறுவியவர் அந்தக் குலெஷோவ். இன்று நாம் தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதும் அந்தக் கோட்பாடு, கத்தரியும் பசையும் இருந்த மேசையில் பிறந்தது.

நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1955-இல் வெளியான ‘பதேர் பாஞ்சாலி’க்கு முன் சுப்ரதா மித்ரா திரைப்படக் கேமராவை இயக்கியதே இல்லை. அடுத்த ஆண்டு ‘அபராஜிதோ’வில், காசி வீட்டு முற்றத்தில் வானிலிருந்து இறங்கும் நிழலற்ற ஒளியைக் கல்கத்தா ஸ்டுடியோவில் கொண்டுவர வேண்டியிருந்தது. அரங்கின் மேல் வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பட்டுத் திரும்பச் செய்தார். காசி முற்றத்தின் ஒளி எப்படிப்பட்டது என்று உற்றுப் பார்த்தவருக்கே அத்துணி தேவைப்பட்டது. அதைத் ‘திறன்’ என்று சுருக்க எவருக்குத் துணிவு வரும்?

யூடியூப் போதும் என்போருக்கு ஓர் எளிய எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பயிற்சிக் காணொளியைப் பார்த்து, ஷட்டரை 1/60 வினாடியில் வைத்து, விடுதி அறையின் டியூப்லைட்டில் படம் எடுக்கிறார் ஒரு மாணவி. காட்சி முழுதும் துடிக்கிறது. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. நம் டியூப்லைட் வினாடிக்கு 100 முறை மங்கி ஒளிர்கிறது. 1/50 அல்லது 1/100 வைத்தால் துடிப்பு அடங்கும். காணொளி எண்ணைச் சொல்லும், அந்த எண் எந்த ஊர் மின்கம்பியிலிருந்து வந்தது என்று சொல்லாது. அதைச் சொல்ல அருகில் ஓர் ஆசிரியர் வேண்டும்.

‘தானாகக் கற்றல்’ என்று நாம் போற்றுவது உண்மையில் ஒரு வடிகட்டி. சொந்த மடிக்கணினி உள்ளவர் இரவெல்லாம் அமர்ந்து அதே காட்சியை இருபது முறை வெட்டிப் பார்ப்பார். கைப்பேசி மட்டும் உள்ளவர், மாலை ஐந்து மணிக்குப் பூட்டப்படும் ஆய்வகத்தை நம்பி முதல் வெட்டோடு நிறுத்திக்கொள்வார். பின்னர் முன்னவருக்குப் ‘படைப்பாற்றல்’ இருப்பதாக நாம் எழுதுகிறோம்.

மொழியியல் படித்தவர்களுக்கு இது தெரிந்த கதைதான். சொற்பட்டியலை மனப்பாடம் செய்தவரை மொழி அறிந்தவர் என்று நாம் சொல்வதில்லை. திரைப்படம் மொழியியலார் கூறும் பொருளில் ஒரு மொழியமைப்பு அன்று என்று கிறிஸ்தியன் மெட்ஸ் 1964-இலேயே வாதிட்டார். முன்கூட்டியே தொகுத்துவைத்த அகராதி அதற்கு இல்லை. அப்படியானால் ஒவ்வொரு படமும் தன்னை எப்படி வாசிக்க வேண்டும் என்பதைத் தன் தொடக்கத்திலேயே பார்வையாளருக்குக் கற்பித்தாக வேண்டும். கதவு திறக்கும் ஒலி முதலில் வருமா, கதவு முதலில் தெரியுமா? முகத்தை எத்தனை ஃபிரேம் தாமதித்துக் காட்டுவது? இவை மென்பொருள் மாறினாலும் மாறாத கேள்விகள். ‘தொழில்நுட்பம் நாளையே பழசாகிவிடும், அதைக் கற்பித்து என்ன பயன்?’ என்போருக்கும் இதுவே விடை.

எனவே வினாவை மாற்றுங்கள். ‘எந்த மென்பொருள்?’ என்று கேட்காதீர்கள். முதல் தொகுப்பையும் இறுதித் தொகுப்பையும் சேர்த்து வாங்கி, எதை நீக்கினாய், ஏன் நீக்கினாய் என்று கேளுங்கள். ஆய்வகத்தை இரவிலும் திறந்து வையுங்கள். கோட்பாடு கற்பிப்பவர் வாரத்தில் ஒருநாளேனும் படத்தொகுப்பு மேசையில் மாணவர் பக்கத்தில் அமரட்டும்.

இதை வாசிக்கும் ஆசிரிய நண்பர்கள், உங்கள் துறையின் மதிப்பீட்டுப் படிவத்தில் அந்தக் கேள்வி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாணவ நண்பர்கள், உங்கள் ஆய்வகம் எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடங்குவோம்.