பொய்யாய் ஒலிக்கும் மணி

கெண்டை மீன் இரையைக் கவ்வியதும் ஒலியெழுப்பித் தூண்டிற்காரரை விழிப்பிப்பது இலத்திரனியல் அலாரம். 1952இல் இங்கிலாந்தின் ரெட்மயர் குளத்தில் 44 இறாத்தல் எடையுள்ள கெண்டையைப் பிடித்த ரிச்சர்ட் வாக்கர் இத்தகைய மின்கருவியின் முன்னோடிகளுள் ஒருவர். தேங்கிய குளநீருக்கு ஏற்ற கருவி அது. மியன்மாரின் தன்லியினில் வாழும் உறவினருக்கு அதனை அனுப்ப எண்ணுவோர் ஒன்றை மறத்தலாகாது. பகோ ஆறும் யங்கோன் ஆறும் கூடும் அவ்விடத்தில் கடலின் ஏற்றவற்றம் தூண்டில் நூலை இழுத்தவண்ணமிருக்கும். மீனின்றியே கருவி அலறும். ஓயாது பொய்யுரைக்கும் மணிக்கு எவரும் செவிசாய்ப்பதில்லை.

எனவே விலையையும் ஒலியின் உரப்பையும் மட்டும் கண்டு வாங்குவது பேதைமை. உணர்திறனைக் கூட்டிக் குறைக்க இயல வேண்டும், மழைநீர் உட்புகலாகாது, நூல் தளர்ந்தாலும் ஒலிக்க வேண்டும், ஏனெனில் கரைநோக்கி வரும் மீன் நூலைத் தளர்த்தும்.

இங்கிலாந்தில் வாழும் எம்மவர் சட்டத்தையும் மனங்கொள்க. அனுமதிப்பத்திரமின்றித் தூண்டிலிட்டால் 2,500 பவுண் வரை தண்டம் விதிக்கப்படலாம்; நீரிலிட்ட தூண்டிலைக் கவனிப்பாரற்று விட்டகல்வதும் குற்றமே. அகதி விண்ணப்பம் நிலுவையிலுள்ளவருக்கு நீதிமன்ற அழைப்பாணை சிறு விடயமன்று. நல்ல அலாரத்தையே வாங்குவோம். அதன் அருகிலேயே இருப்போம்.