சீட்டில் சிரிஞ்சையும் எழுதுங்கள்

சர்க்கரை நோய் வந்த நாய்க்குப் பெரும்பாலும் ஆயுள் முழுக்க இன்சுலின் வேண்டும்; அதுவும் வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. காலையும் இரவும் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட யாராலும் முடியாது என்பதால், வீட்டில் இருப்பவரே ஊசி போடக் கற்றுக்கொள்கிறார். தோலை எப்படித் தூக்கிப் பிடிப்பது, எந்தக் கோணத்தில் குத்துவது என்றெல்லாம் கால்நடை மருத்துவர் காட்டித் தருவார். சீட்டில் மருந்தின் பெயரும் அளவும் இருக்கும். எந்த சிரிஞ்சு என்பதை மட்டும் எழுதாமல் விட்டால், அந்த முடிவு மருந்துக்கடைக் கவுன்ட்டரில் நின்றபடி எடுக்கப்படுகிறது. மருந்தைப் போல சிரிஞ்சையும் வகை, நீளம், கனம் குறிப்பிட்டு எழுதித் தரவேண்டும் என்பதே என் வாதம்.

இன்சுலின் குப்பிகள் பெரும்பாலும் இரண்டு செறிவுகளில் வருகின்றன. ஒரு மில்லிக்கு 40 யூனிட் கொண்டது யு-40. 100 யூனிட் கொண்டது யு-100. சிரிஞ்சுகளும் அதற்கேற்ப இரண்டு வகை: யு-40 சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, யு-100க்கு ஆரஞ்சு மூடி. நாய் பூனைகளுக்கென்றே தயாரான கேனின்சுலின் யு-40. மனிதர்களுக்கான கிளார்ஜின் பொதுவாக யு-100. அதைப் பூனைகளுக்கும் எழுதித் தருகிறார்கள். அமெரிக்காவில் மனிதர்களுக்கான யு-40 வழக்கொழிந்துவிட்டது. இந்தியாவில் அதுவும் புழக்கத்தில் இருப்பதால் இரண்டு சிரிஞ்சுகளும் ஒரே கடையில், ஒரே அலமாரியில் இருக்கும். யு-100 மருந்தை யு-40 சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 10 யூனிட் அல்ல, 25 யூனிட். ரத்தச் சர்க்கரை சடசடவென்று இறங்கி, தள்ளாட்டம், வலிப்பு, மயக்கம் என்று போய் உயிரையே பறிக்கலாம். மாற்றி எடுத்தால் 10க்குப் பதில் 4 யூனிட்தான் சேரும். நோய் அடங்காது, காரணமும் புரியாது. பூனைக்குத் தொடக்கத்தில் ஒன்றிரண்டு யூனிட் போதும் என்பதால் சிரிஞ்சின் கொள்ளளவும் முக்கியம். 1 மில்லி யு-100 சிரிஞ்சில் பெரும்பாலும் ஒரு கோடு இரண்டு யூனிட்டைக் குறிக்கும். அதில் ஒரு யூனிட்டை அளப்பது குத்துமதிப்புதான். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சுகள் இதற்காகவே இருக்கின்றன.

ஊசி எவ்வளவு மெல்லியதோ அவ்வளவு நல்லது, வலிக்காது அல்லவா என்று கேட்கலாம். இன்சுலினுக்கு அது சரி. கேஜ் எண் கூடக் கூட ஊசி மெலியும், 0.1 மில்லி மருந்துக்கு 29 முதல் 31 கேஜ் வரை போதும். ஆனால் மெல்லியதெல்லாம் எல்லாவற்றுக்கும் உதவாது. சிறுநீரகம் பழுதான பூனைக்குத் தோலுக்கடியில் 100 மில்லி சலைன் ஏற்றுவதற்கு 18 அல்லது 20 கேஜ் ஊசியைத்தான் பொதுவாகப் பரிந்துரைக்கிறார்கள். துளையின் விட்டம் பாதியானால் திரவ ஓட்டம் ஏறத்தாழ பதினாறில் ஒரு பங்காகிவிடும். இரக்கப்பட்டு மெல்லிய ஊசியை மாட்டினால், நெடுநேரம் பூனையை அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். அதைவிட ஒரு கண நேரக் குத்து மேல். நீளத்திலும் இதே கதைதான்: மனிதருக்கான இன்சுலின் பேனாவில் மாட்டும் 4 மில்லிமீட்டர் ஊசி, தடித்த தோலும் அடர்ந்த முடியும் உள்ள நாய்க்குப் போதாமல், மருந்து முடியிலேயே வழிந்துபோகலாம்.

கடைக்காரருக்கு இதெல்லாம் தெரியாதா? மனித மருந்து அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வீட்டில் இருக்கும் குப்பி எந்தச் செறிவு என்பதைச் சீட்டும் குப்பியும் பார்க்காமல் யாராலும் சொல்ல முடியாது. செலவைப் பற்றிய கேள்வி இன்னும் நியாயமானது. தினம் இரண்டு என்றால் மாதத்துக்கு 60 சிரிஞ்சு. ஒரே ஊசியைப் பல நாள் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு குத்திலேயே முனை மழுங்கத் தொடங்கும், வழுக்கலுக்காகப் பூசிய சிலிகோன் தேயும், ஊசியில் ஒட்டிய கிருமி மருந்துக் குப்பிக்குள்ளும் போகும். ஸ்பிரிட்டால் துடைத்தாலும் மழுங்கிய முனை கூராகாது. சிரிஞ்சில் மிச்சம் பிடித்து இன்சுலின் குப்பி முழுவதையும் கெடுத்துக்கொள்வது சிக்கனமாகாது. பெட்டியாக வாங்கினால் விலை குறையும். எந்தப் பெட்டி என்று தெரிந்தால்தானே வாங்க முடியும்.

போட்டு முடித்த ஊசிக்கும் சீட்டில் ஒரு வரி வேண்டும். 2016ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டில் சேரும் ஊசி, சிரிஞ்சுகளை அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின. ஆனாலும் மூடியில்லாத ஊசி பாலித்தீன் பையைக் கிழித்துக்கொண்டு தூய்மைப் பணியாளரின் கையில்தான் ஏறுகிறது. கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்து, இறுக மூடி, மருத்துவரிடமே திருப்பிக் கொடுக்க வழி செய்யலாம். கால்நடை மருத்துவர்கள் அதை வாங்கிக்கொள்ளவும், "யு-40, 0.5 மில்லி, 30 கேஜ், 8 மில்லிமீட்டர்" என்பதுபோல் ஒரு வரியைச் சீட்டில் எழுதவும் முன்வர வேண்டும். அந்த வரி இல்லாத சீட்டோடு மருத்துவமனையை விட்டுக் கிளம்பாதீர்கள். கேட்டு எழுதி வாங்குங்கள்.