வழக்கு உங்களுக்குள், பட்டினி எங்களுக்கா?

மத்திய சர்க்காரும் ராஜ்ய சர்க்காரும் பட்ஜெட் பணத்துக்காக மல்லுக்கு நிற்கும்போது, அடி விழுவது உழைப்பாளியின் முதுகில்தான். மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்துக் கரும்பு வெட்டும் தொழிலாளிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையில் அரவை நின்றால் வெட்டுக் கூலியும் நின்றுவிடும். பிறகு அடுப்பெரிய அவர் நம்பிவந்தது நூறு நாள் வேலையைத்தான்.

அந்த வேலை எப்படி வந்தது? 2004-ல் எந்தக் கட்சிக்கும் தனிப் பெரும்பான்மை இல்லாத பார்லிமெண்டில், இடதுசாரிக் கட்சிகள் ஒரு குறைந்தபட்சப் பொதுத் திட்டத்தின் அடிப்படையில் சர்க்காரை வெளியிலிருந்து ஆதரித்தன. அதன் பலனாக 2005-ல் சட்டம் பிறந்தது. 2006 பிப்ரவரியில் 200 ஜில்லாக்களில் அமலாயிற்று. நமது பகுதி அன்று சேர்ந்திருந்த விழுப்புரம் ஜில்லாவும் அவற்றில் ஒன்று. சமரசம் என்றாலே துரோகம் என்போர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

செய்த வேலைக்கு 15 நாளில் கூலி என்றது அச்சட்டம். ஆனால் 2024 நவம்பருக்குப் பிறகு மாதக்கணக்கில் கூலி வரவில்லை. 4,034 கோடி ரூபாய் பாக்கி என்று 2025 மார்ச்சில் ராஜ்ய ஆளும் கட்சி ஆர்ப்பாட்டம் நடத்தியது. தமிழ்நாட்டுக்கு நிறையவே கொடுத்திருக்கிறோம் என்று மத்திய மந்திரி பதில் சொன்னார். இருவர் கணக்கும் காகிதத்தில் இருந்தது. மண்வெட்டி பிடித்தவரின் கை வெறுமையாக இருந்தது. பள்ளிக் கல்விக்கான 2,152 கோடி ரூபாயும், பி.எம்.ஸ்ரீ ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்ற காரணத்தால் நிறுத்தப்பட்டது.

இது நமது நாட்டுக்கு மட்டும் உரிய வியாதியல்ல. அமெரிக்காவில் பட்ஜெட் தகராறு முற்றி, 2025 அக்டோபர் 1 முதல் 43 நாட்கள் சர்க்கார் முடங்கியது. லட்சக்கணக்கான ஊழியர்கள் சம்பளமின்றித் தவித்தனர்.

ஆகவே சமரசம் தேவை என்கிறோம். ஆனால் எதில் சமரசம்? எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு, யார் பங்கு எத்தனை சதவீதம், எத்தனை தவணை என்பதில் இரு தரப்பும் விட்டுக்கொடுக்கலாம். செய்து முடித்த வேலையின் கூலி பேரத்துக்குரிய பொருள் அல்ல. குழந்தைகளின் படிப்பைப் பணயம் வைத்துக் கையெழுத்துக் கேட்பதற்குச் சமரசம் என்று பெயரில்லை, அது பலாத்காரம்.

2025 டிசம்பரில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய புதிய சட்டம், 125 நாள் வேலை என்று சொல்லி, செலவில் 40 சதவீதத்தை நம்முடையது போன்ற ராஜ்யங்களின் தலையில் கட்டியது. மசோதாவைக் கமிட்டிக்கு அனுப்புங்கள் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன, கேட்க ஆளில்லை. மத்திய அரசும் ராஜ்யங்களும் கூடிப் பேசவென்றே அரசியல் சட்டத்தின் 263-வது ஷரத்து கவுன்சில் ஒன்றைத் தந்திருக்கிறது. 2016 ஜூலையில் கூடிய அது, பிறகு 2025 முடியும்வரை கூட்டப்படவே இல்லை.

அதைக் கூட்டுங்கள். கூலிப் பணத்தைத் தகராறுகளுக்கு அப்பால் தனி நிதியாக ஒதுக்குங்கள். மத்திய பணம் தாமதமானால் ராஜ்ய சர்க்கார் முன்பணம் கொடுத்துப் பின்னால் கணக்குத் தீர்த்துக்கொள்ளட்டும். டில்லியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ள அதற்கும் உரிமையில்லை.

ஆலைத் தொழிலாளர்களே! வயலில் கரும்பு வெட்டுகிறவரின் கூலி நின்றால் நாளை உங்கள் கூலிக்கும் அதே கதிதான். விவசாயத் தொழிலாளரோடு தோளிணைந்து நில்லுங்கள். கீழிருந்து நெருக்கும் ஒற்றுமை இருந்தால்தான் மேலே இருப்பவர்கள் பேச உட்காருவார்கள்!