சாப்பாட்டு மேசையில் பிறந்த நிறுவனம்

இங்கிலாந்தின் பக்கிங்காம்ஷயரில் 1962இல் ஸ்டெஃபனி ஷெர்லி ஆறு பவுண்டு முதல் போட்டு, வீட்டிலிருந்தபடியே தொடங்கிய மென்பொருள் நிறுவனம் ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ். கணினி வாங்கினால் மென்பொருள் இலவசமாகக் கூடவே வந்த காலம் அது. கல்யாணத்துக்காகவோ பிள்ளைப்பேற்றுக்காகவோ வேலையை விட்ட பெண் நிரலாளர்களை அவர் திரட்டினார். முதல் 300 பணியாளர்களில் ஆண்கள் மூவர்தான்.

அன்றைய நிரல்கள் பென்சிலால் தாளில் எழுதப்பட்டவை. எழுதிய தாள்கள் தபாலில் போகும். அவற்றை அட்டையில் துளையிட்டுக் கணினிக்குக் கொடுப்பது வேறிடத்து வேலை. ஆகவே வீட்டில் கணினி தேவைப்படவில்லை. தொலைபேசி வசதி உண்டா என்று மட்டும் விண்ணப்பதாரர்களிடம் கேட்டார்கள்.

தொலைபேசியைவிட முக்கியமானது விலை பேசிய விதம். மணிக்கணக்கில் கூலி கேட்காமல், முழு வேலைக்கும் ஒரே விலை சொன்னார்கள். நிரலைப் பட்டப்பகலில் எழுதினார்களா, பிள்ளை தூங்கிய பிறகு எழுதினார்களா என்பது வாடிக்கையாளருக்குத் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கணிப்பு தவறினால் நட்டம் நிறுவனத்துக்கு. அதனால் மென்பொருள் பணியைக் கட்டுக்குள் வைக்கும் விதிமுறைகள் அவசியமாயின. அவற்றை வகுப்பதும் நிறுவனத்தின் தொடக்ககாலப் பணிகளில் ஒன்று. பின்னாளில் நேட்டோ ராணுவக் கூட்டணியும் அவற்றை ஏற்றது. எல்லோரும் ஒரே முறையில் எழுதினால், ஒருவர் வீட்டில் காய்ச்சல் என்றாலும் இன்னொருவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீட்டுவேலையின் 'சுதந்திரம்' பற்றிய இன்றைய புகழுரைகளில் இந்தக் கறாரான ஒழுங்குக்கு இடமில்லை. கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரலும் இந்த ஒழுங்கோடு, இந்தப் பெண்களின் வீடுகளில்தான் உருவானது.

குடும்பத்தை மறைக்கவும் வேண்டியிருந்தது. தொலைபேசியில் குழந்தைச் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலியைப் பதிவுசெய்து ஓடவிட்டார் ஷெர்லி. கடிதங்களில் 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்ட பிறகே பதில்கள் வரத் தொடங்கின. மறைக்க முடிந்ததே தவிர, வீட்டுச் சுமை குறையவில்லை. 1963இல் பிறந்த மகன் ஜைல்ஸுக்குக் கடுமையான ஆட்டிசம். அந்தப் பராமரிப்பை எந்த ஒப்பந்த முறையாலும் இலகுவாக்க முடியவில்லை. ஜைல்ஸ் 35ஆம் வயதில் இறந்தார். நிறுவனத்துக்கோ வேறொரு சிக்கல்: 1975இல் பாலினப் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் வந்தபோது, பெண்களுக்கே முன்னுரிமை தந்த இந்த நிறுவனமும் ஆண்களுக்குக் கதவைத் திறக்க வேண்டியதாயிற்று. வேடிக்கைதான்.

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு நன்மை கிடைக்க, முழு வேலைக்கு விலை என்பது மட்டும் போதாது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களுக்கும் மணிக்கணக்குக் கிடையாது; ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதே கணக்கு. அந்தக் கூலியை அவர்கள் தனித்தனியே பேசி முடிவுசெய்ய முடிவதில்லை. எந்தப் பீடியைக் கழிப்பது என்பதும் இலையும் தூளும் கொடுப்பவர் கையில். ஷெர்லியின் நிறுவனமோ வாடிக்கையாளரிடம் தானே விலை பேசியது. பங்குகளில் கணிசமான பகுதியும் காலப்போக்கில் பணியாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அவர்களில் 70 பேர் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல் சொத்துள்ளவர்களானார்கள்.