செவ்விலை மலையில் ஒரு நூற்களஞ்சியம்

தென் கொரியாவின் காயாசான் மலையைக் காண உகந்த காலம் அக்டோபர் இறுதியாகும். மேப்பிள் இலைகள் செக்கச் சிவந்து நிற்க, அவற்றின் சாயல் படிந்து ஓடைநீரும் சிவந்து தோன்றும். அதனாலேயே அப்பள்ளத்தாக்கு 'செந்நீரோடை' எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது.

அவ்வழியே ஏறினால் 802ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஹேயின்சா என்னும் பௌத்த மடாலயத்தை அடையலாம். 13ஆம் நூற்றாண்டில், மங்கோலியர் படையெடுப்பின் நடுவே செதுக்கப்பட்ட 80,000க்கும் மேற்பட்ட மர அச்சுப் பலகைகள் அங்கே இன்றும் சிதையாமல் இருக்கின்றன. அவற்றைக் காப்பது இயந்திரமன்று. மேலும் கீழுமாக வெவ்வேறு அளவில் அமைந்த சாளரங்கள் காற்றை உலவவிடுகின்றன; தரையில் இட்ட கரியும் உப்பும் சுண்ணாம்பும் ஈரத்தைச் சமன் செய்கின்றன.

1951இல், கொரியப் போரின்போது, மலையில் பதுங்கியிருந்த கெரில்லாக்களை ஒழிக்க அங்குக் குண்டு வீசுமாறு ஆணை பிறந்தது. விமான அணித் தலைவர் கிம் யொங் ஹ்வான் அதனை நிறைவேற்ற மறுத்தார். பலகைகள் பிழைத்தன. 1995இல் யுனெஸ்கோ அக்களஞ்சியத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

நேயர்களே! உதிர்ந்த இலை அடுத்த வசந்தத்தில் மீண்டும் துளிர்க்கும். எரிந்த ஏடு துளிர்ப்பதில்லை. போரின் வெறியிலும் இதனை மறவாத ஒருவர் இருந்ததாலன்றோ, அம்மலைக்குச் செல்வோர் இன்று இரண்டையும் கண்டு மகிழ்கின்றனர்!